ஆள் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் நடத்துகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "ஆளே கிடைக்க மாட்டேங்குது சார்." கோயம்புத்தூர் பட்டறையிலும் இதே புலம்பல்தான், சென்னை மென்பொருள் நிறுவனத்திலும் இதே புலம்பல்தான். பணியாளர் துறையில் வெகுகாலம் இருந்தவன் நான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 58. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடுதான் கண் அறுவைச் சிகிச்சை கற்றுக்கொண்டு, வாழ்நாளில் லட்சத்துக்கு மேல் செய்து முடித்தார். ஓய்வு பெற்ற கையோடு தங்கை, தம்பி, அவர்கள் குடும்பங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு இந்த அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தியாகம், சேவை என்று பேசி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை வாங்கத் தெரிந்த மனிதராக அவரை நாம் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அவருடைய கணக்கு எளிமையானது. கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம், கண் மருத்துவர்களோ குறைவு. சரி, அப்படியென்றால் மருத்துவரின் நேரம் எங்கே போகிறது? கண்ணாடி அளவு பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியைத் தயார்செய்வது, கருவிகளை எடுத்து வைப்பது, கட்டுப் போடுவது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவது. இதில் எதற்குமே எம்.பி.பி.எஸ். தேவையில்லை. ஆனால் பழக்கம் தேவை, கவனம் தேவை, பொறுமை தேவை.

அதற்கு அவர்கள் தேடியது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களை. மதிப்பெண்ணைவிடக் குணத்தைப் பார்த்தார்கள். பெற்றோரையும் அழைத்து வைத்துப் பேசினார்கள். இரண்டு ஆண்டு பயிற்சி, உதவித்தொகையோடு. பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை.

இப்போது அறுவை அரங்குக்கு வாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள், நடுவில் மருத்துவர். முதல் மேசையில் புரையை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது மேசையில் அடுத்த நோயாளி கண் மரத்து, முகத்தில் துணி மூடி, தயாராகப் படுத்திருப்பார். தட்டில் கருவிகள் எடுக்கும் வரிசையிலேயே இருக்கும். முதல் கண் முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மருத்துவர் அடுத்த கண்ணை ஆரம்பித்துவிடுவார். முதல் ஆளுக்குக் கட்டுப் போட்டு அனுப்புவதும், அந்த மேசையில் அடுத்தவரைப் படுக்க வைப்பதும் இப்படிப் பயிற்சி பெற்ற சிஸ்டர்களின் வேலை. இப்படி ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரைகூடச் செய்கிறார். நாட்டின் சராசரியைவிட இது பல மடங்கு. டாக்டர் வெங்கடசாமி மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து வியந்தவர் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை, அதைச் செய்பவர் சாதாரண இளைஞர். அவர் பார்த்தது அதைத்தான். பர்கரை அல்ல!

இதே துணிச்சலை 1992இல் லென்ஸ் தயாரிப்பிலும் காட்டினார்கள். ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து மிக அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுள் லென்ஸை அதில் சிறு பகுதி விலைக்குச் செய்தார்கள். அங்கேயும் வேலை செய்தவர்களில் கிராமத்துப் பெண்கள் கணிசம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெண் எவ்வளவு உயரம் போகலாம்? மூத்த சிஸ்டர் ஆகலாம், பயிற்றுநர் ஆகலாம், ஒரு பிரிவின் மேற்பார்வை வரை போகலாம். அதற்கு மேலே மருத்துவப் பட்டம் என்ற சுவர் நிற்கிறது. வேலையைக் கூறுபோட்டுப் பிரிக்கும் எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு பகுதியில் ஒருவரைத் தேர்ந்தவராக்கிவிட்டு, அங்கேயே ஆயுள் முழுக்க உட்கார வைத்துவிடுகிறோம். பாராட்டுக் கூட்டங்களில் இது பேச்சில் வருவதேயில்லை.

அப்புறம், கணினி. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் ஒரு கணினி நிரல் பற்றி 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் படங்கள் கொடுத்த இந்திய மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. சிற்றூர்களில் அரவிந்த் நடத்தும் பார்வை மையங்களில் ஏற்கெனவே மருத்துவர் நேரில் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண்தான் கண்ணைப் பார்த்து விவரம் பதிவார், மருத்துவர் நகரத்திலிருந்து காணொளியில் பேசுவார்.

"இனி இந்தப் பெண்களுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்கிறார்கள். படத்தை மிஷின் படித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "பார்வைதான் நல்லாத் தெரியுதே, எதுக்கு மதுரைக்கு வரணும்? கடலை பிடுங்குற வேலை கிடக்கு" என்று ஒரு பெரியவர் எழுந்துவிட்டால் அவரை உட்கார வைப்பது யார்? சர்க்கரை நோயில் பார்வை மங்கும் முன்பே விழித்திரை கெடத் தொடங்கிவிடும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, மகளுக்கு போன் போட்டு, எந்தக் கிழமை வருவார் என்று குறித்துக்கொள்வதும் வேலைதான். மிஷின் எவ்வளவு வேகமாகப் படிக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த வேலை பெருகும்.

அந்த வேலைக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறோமா, பதவிப் பெயர் வைத்திருக்கிறோமா, அதற்கேற்ற சம்பளம் போடுகிறோமா? மருத்துவமனை மட்டுமல்ல, வங்கி, காப்பீடு, கடன் கொடுக்கும் கம்பெனி என்று கணினியை உள்ளே கொண்டுவரும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நான் பேசிப் பார்த்த அதிகாரிகள் பெரும்பாலும் மென்பொருளின் விலையைச் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு மட்டும், "அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.