"ஆட்கள் குறைவு" என்று கவுன்சில் சொன்னால் நாங்கள் என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு கவுன்சில் வீட்டு, அதாவது உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குத் தருகிற வீட்டு ரிப்பேர் பற்றிக் கதைக்கப் போகிறேன். ஃபோன் எடுத்தால் "ஆட்கள் குறைவு, கொஞ்சம் பொறுத்திருங்கள்" என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தப் பதிலைப் பற்றி. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் பலர் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஆட்கள் குறைவு என்பது பொய் இல்லை. கவுன்சில் வீடுகளின் வரவு செலவு தனிக் கணக்கு. 2012இலிருந்து அந்தக் கணக்கு வாடகையை நம்பித்தான் ஓடுகிறது. முப்பது வருடத்துக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு 2016இலிருந்து நான்கு வருடம், வருடத்துக்கு 1 சதவீதம் வாடகையைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டது. வாடகை குறைந்தது எங்களுக்கு அப்போது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் சுவரும் கூரையும் பழசாகிக்கொண்டே போகும்போது அதைப் பார்க்க வேண்டிய கணக்கில் பணம் இல்லை. ஒரு நல்ல பிளம்பர் தனியாக வேலை செய்தால் அதிகம் சம்பாதிக்கலாம் என்றால் அவர் ஏன் கவுன்சிலில் இருக்கப் போகிறார்? காலியான இடத்துக்கு ஏஜென்சி ஆள் வருவார். அவரும் கொஞ்ச மாதத்தில் போய்விடுவார்.

வாடகைதாரருக்கு அடி விழுவது அங்கேதான். வேலை பிந்துவது ஒரு பக்கம். அதைவிட மோசம், எங்கள் வீட்டின் கதை தெரிந்த ஆள் அங்கே ஒருவரும் இல்லாமல் போவது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஆங்கிலத்தில் கதைக்க உதவி வேண்டும் என்று கூப்பிட்டார், போனேன். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இவருடைய அறைக் கூரைக்குள் இறங்குகிறது. இதற்கு முதலில் மேல்வீட்டுக்குப் பிளம்பர் போக வேண்டும். பிறகு கீழே பூச்சு வேலைக்காரர், அதற்குப் பிறகு பெயின்ட். மூன்றும் மூன்று தனி வேலையாகப் பதிவாகின்றன. மேல்வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. ஆனால் கீழே ஒருவர் வந்து கறுப்புப் பூஞ்சணத்துக்கு மருந்தடித்து, மேலே வெள்ளைப் பெயின்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கவுன்சில் கம்ப்யூட்டரில் வேலை முடிந்தது என்று இருக்கிறது. நான் கதிரையில் ஏறி விரலால் அமத்திப் பார்த்தேன், கூரை மெத்தை மாதிரி அமுங்கியது. ஃபோனில் கிடைத்த பிள்ளை பாவம், புதிதாக வந்தவராம், "இங்கே முடிந்ததாகக் காட்டுகிறது, புதிதாகப் பதிவு செய்யவா?" என்று கேட்டார். புதிதாகப் பதிந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம். அந்த அம்மாவின் ஹவுசிங் ஆபிசர், அதாவது அவர் வீட்டு விஷயங்களைப் பார்க்கிற கவுன்சில் அதிகாரி யார் என்று கேட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறதாம்.

ஆபிசருக்கு ஞாபகம் இல்லை என்றால் அந்த ஞாபகம் எங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னாலும் அதே நாள் ஒரு ஈமெயிலும் போடுங்கள். பழைய ரெஃபரன்ஸ் நம்பரை விடவே கூடாது. "இது புதிய பிரச்சினை இல்லை, இந்த நம்பரின் தொடர்ச்சி" என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆள் வந்தாரா, என்ன செய்தார், என்ன செய்யாமல் போனார், திகதியோடு குறித்து வையுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கென்றே சொல்கிறேன். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே பிளீச் போட்டுச் சுவரைத் துடைத்து, சாம்பிராணியும் காட்டி வைப்போம். வருகிறவர் அழுக்கு வீடு என்று நினைக்கக் கூடாதாம். அவர் வந்து பார்த்தால் சுவர் சுத்தம். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். தயவுசெய்து துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். முடிந்தால், அவர் பார்க்கும் வரை அப்படியே விடுங்கள். பூஞ்சணம் வந்தது உங்கள் வெட்கம் இல்லை.

"பூஞ்சணத்துக்கு நீங்கள்தான் காரணம், நிறையச் சமைக்கிறீர்கள், ஜன்னல் திறப்பதில்லை" என்று கவுன்சில் ஆள் சொன்னாலும் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டாம். ரோச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை, இரண்டு வயது, 2020 டிசம்பரில் இறந்து போனது. அது கவுன்சில் நேரடியாக நடத்திய வீடு இல்லை, ஹவுசிங் அசோசியேஷன், அதாவது லாப நோக்கம் இல்லாமல் வீடு வாடகைக்குத் தருகிற அமைப்பின் வீடு. அப்பா 2017இலேயே பூஞ்சணம் பற்றிச் சொல்லியிருக்கிறார். மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பூஞ்சணத்தை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த மரணம் என்று 2022இல் விசாரணையில் தீர்ப்பு வந்தது. குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்களாகவே ஊகித்தது பிழை என்று அந்த நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தக் குழந்தையின் பெயரில்தான் அவாப் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ 24 மணி நேரத்துக்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்து 3 வேலை நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும், 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தங்கள் செலவில் வேறு இடம் தர வேண்டும். தங்களால் இயன்றது எல்லாம் செய்தோம் என்று வாதாட, வீட்டை வாடகைக்குத் தந்த அவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவர்கள். "ஆட்கள் குறைவு" என்று ஃபோனில் சொல்வது நிரூபணம் ஆகாது. எந்த நாள் அவர்களுக்குத் தெரிய வந்தது என்பதிலிருந்துதான் நாள் எண்ணப்படும். அதற்குத்தான் ஈமெயில், ஈமெயில் என்று நிற்கிறேன்.

அப்படியும் நடக்கவில்லையா? சும்மா கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. "இது முறையான புகார், முதல் கட்டம்" என்று அந்தச் சொற்களையே எழுதுங்கள். 5 வேலை நாளுக்குள் கிடைத்ததாகப் பதில் வரும், அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலை நாள். அதுக்கும் மேலே ஹவுசிங் ஓம்புட்ஸ்மன், அதாவது வாடகை வீட்டுப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கிறவர் இருக்கிறார். ஒரு பவுண் செலவில்லை, வக்கீலும் தேவையில்லை.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். "கட்டாமல் விட்டால் ஓடி வருவான்" என்று கோயிலில், கடையில் ஆளுக்காள் சொல்வார்கள். ஓடி வருவார்கள்தான், நிலுவைக் கடிதத்தோடு. அது கோர்ட் வரைக்கும் போனால் உங்கள் கூரைப் பிரச்சினை பின்னுக்குப் போய், உங்கள் வீடே பிரச்சினையாகிவிடும்.

ஃபோன் எடுக்கிற பிள்ளைகளிடம் கத்தவும் வேண்டாம். அவர்களில் பலர் இரண்டு, மூன்று பேரின் வேலையை ஒருவராகச் செய்கிறார்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவர்களிடம், அதாவது உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்: எங்கள் பகுதியில் எத்தனை இடம் காலி, எப்போது நிரப்புவீர்கள்? எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கவுன்சில் ரிப்பேர் பகுதியிலோ ஹவுசிங் ஆபிசராகவோ வேலை செய்கிற தமிழ் ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், உங்கள் பக்கத்தையும் கேட்டு ஒரு வீடியோ போட ஆசை. அந்த அம்மாவின் முதல் கட்டப் புகார் நேற்று ஈமெயிலில் போய்விட்டது. பதில் வந்ததும் சொல்கிறேன்.