படத்தின் விளிம்பில் இருக்கிற மொழி

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய தியேட்டர் பிலிம் துண்டு ஒன்று கிடைத்தால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். 35 மில்லிமீற்றர் அகலம். இரு ஓரங்களிலும் பற்சக்கரம் பிடித்து இழுக்கிற துளைகள், ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு நாலு. துளைக்கும் படத்துக்கும் நடுவில், ஒரு பக்கத்தில் மாத்திரம், நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடும். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் அகலந்தான். அதுதான் ஒலி. கோடு அகன்றும் ஒடுங்கியும் போகப்போக அதனூடாகப் பாய்கிற வெளிச்சம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மின்சாரமாகி, ஒலிபெருக்கியில் குரலாகிறது.

தமிழ்ப் படம், தெலுங்குப் படம், வங்காளப் படம் என்று இந்திய சினிமா கிளை விட்டது இந்தக் கோட்டால்தான். தாதாசாகேப் பால்கே 1913 இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரையிட்டபோது படத்துக்கு வாய் இல்லை. காட்சிக்கு இடையிடையே எழுத்து அட்டை வரும். அட்டையை மாற்றினால் அதே படம் எந்த ஊரிலும் ஓடும். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வத'த்துக்குத் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அட்டைகள் இருந்தன.

1931 மார்ச் 14 அன்று பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படம். ஸ்ரூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. பகலில் ரயில் ஓடும் என்பதால் பெரும்பாலும் நள்ளிரவு கடந்துதான் படப்பிடிப்பு. படமும் ஒலியும் ஒரே பிலிமில் ஒரே நேரத்தில் பதிவாகின. ஒரு சொல் பிசகினால் அந்தச் சொல்லை மட்டும் வெட்டி மாற்ற வழியில்லை, முழுக் காட்சியையும் திரும்ப எடுக்கவேண்டும். மைக்கை நடிகருக்குப் பக்கத்தில், கமராவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். பாட்டென்றால் வாத்தியக்காரரும் அங்கேயே மறைந்திருந்து வாசிக்கவேண்டும்.

அதே வருடம் ஒக்டோபர் 31 இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது. அதையும் பம்பாயில்தான் எடுத்தார்கள். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். சனம் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தது. தன் மொழி திரையிலிருந்து காதில் விழுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

இனி ஒன்றைக் கவனியுங்கள். முதல் தமிழ்ப் பேச்சு பம்பாயில் பதிவானது. முதல் கன்னடப் பேசும்படம் 'சதி சுலோசனா', 1934, மராத்தி நாட்டுக் கோலாப்பூரில். முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்', 1938, சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸில். நம் தீவின் முதல் சிங்களப் படம் 'கடவுனு பொரொந்துவ' 1947 இல் வெளியானது, அது எடுக்கப்பட்டது மதுரையில். கமராவைத் தோளில் சுமந்து எங்கேயும் போகலாம். ஒலிப்பதிவுக்கோ இயந்திரம், தடையில்லாத மின்சாரம், சத்தம் புகாத கட்டடம், பழகிய ஆள் எல்லாம் வேண்டும். அவை இருந்த ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே மொழிதான் அந்த ஊர்களுக்குப் பயணம் போனது.

இதற்கு விலக்காக ஒருவர் நின்றார். அசாமின் ஜோதிபிரசாத் அகர்வாலா. அவர் ஸ்ரூடியோவைத் தேடிப் போகவில்லை. போலாகுரி தேயிலைத் தோட்டத்திலேயே, மூங்கிலும் வாழைமரமும் கொண்டு அரங்கு அமைத்து, 1935 இல் முதல் அசாமியப் படமான 'ஜோய்மோதி'யை வெளியிட்டார். வன்னியிலிருந்து படம் எடுக்க நினைக்கிற பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கவேண்டிய பெயர் அது. அவருக்கு நேர்ந்த இடியையும் தெரிந்துகொள்ளுங்கள். படத்தொகுப்புக்காக லாகூருக்குப் போன பிறகுதான் பாதிப் படத்துக்கு ஒலியே பதிவாகவில்லை என்று கண்டார். நடிகர்களைத் திரும்ப அழைக்க வசதியில்லை. ஆண் குரல், பெண் குரல் எல்லாவற்றையும் தானே பேசிப் பதிந்து படத்தை முடித்தார்.

1935 இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தது. வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பிறகு வசனமும் அப்படியே பின்னால் பேசப்படுவது வழக்கமாயிற்று, ஏனென்றால் வெளிப்புறத்துக்குத் தூக்கிப்போகக்கூடிய சிறிய கமராக்கள் ஓடும்போது இரையும். காட்சியைத் துண்டுகளாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். நடிகர் உதட்டைப் பார்த்துப் பேசுவார். இதில் ப, ம இரண்டும் பொல்லாத எழுத்துகள். உதடு ஒட்டாமல் அவற்றைச் சொல்ல முடியாது. கிட்டக் காட்சியில் வாய் திறந்திருக்க 'ப' ஒலித்தால் சின்னப்பிள்ளைக்கும் பிழை தெரிந்துவிடும்.

நம் பேச்சுக்கு ஆபத்து வருவதும் இந்த இடத்தில்தான். வயலில் நின்று "என்ன செய்யிறியள்?" என்று இயல்பாகக் கேட்ட பிள்ளை, நாலு நாள் கழித்து மைக்குக்கு முன் இருந்தவுடன் "என்ன பண்றீங்க?" என்கிறது. சின்ன வயதிலிருந்து படத்தில் கேட்ட தமிழ் நாவில் ஏறிவிடுகிறது. 'பண்றீங்க'வின் முதல் எழுத்துக்கு உதடு ஒட்டவேண்டும், 'செய்யிறியள்' முழுவதிலும் உதடு ஒட்டாது. ஆகவே பேச்சும் போய், உதடும் பொருந்தாமல் போகும். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978 இல் 'வாடைக்காற்று' படமானபோது நம் கரையோர வாழ்வு திரைக்கு வந்தது. வன்னியின் பேச்சும் இனி வரவேண்டும். அதற்கு, பேசுகிற இடத்திலேயே குரலைப் பிடிப்பதுதான் நல்ல வழி.

அதற்கு இன்று ஸ்ரூடியோ வேண்டாம். இரண்டு போன் போதும். ஒன்று படத்துக்கு, மற்றது ஒலிக்கு. படம் எடுக்கிற போனின் மைக்கை நம்பவேண்டாம். வாயிலிருந்து தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபெல் இறங்கும், சுற்றுச்சத்தம் இறங்காது. சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை ஒலி பதிகிற போனில் கொழுவி, நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே வையுங்கள். இரண்டு போனையும் அழைப்பு வராத 'பறக்கும் நிலை'யில் (flight mode) போடுங்கள். ஒவ்வொரு முறையும் கமராவுக்கு முன் ஒரு கைதட்டு. கை சேருகிற படமும் 'டப்' என்ற ஒலியும் பிறகு இரண்டையும் பொருத்த உதவும். ஒலியை விநாடிக்கு 48,000 மாதிரி (48 kHz) என்ற வேகத்தில் பதியுங்கள். சில போன்கள் படத்தை ஒரே வேகத்தில் எடுக்காமல் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். அதைத் தொகுப்புக்கு முன் விநாடிக்கு நிலையான 25 பிரேமுக்கு மாற்றாவிட்டால் சில நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

இடத்தையும் பார்த்துத் தெரியவேண்டும். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வெறும் அறை குரலைத் திருப்பியடிக்கும். நெல்லு மூடை, மெத்தை, தடித்த போர்வை என்று கிடைத்ததைச் சுவரோரம் வையுங்கள். மண்சுவரும் கிடுகுக் கூரையுமான கொட்டில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அது ஒலியைக் குடித்துக்கொள்ளும். சோளகம் வீசுகிற மாதங்களில் வெளிப்புற வசனத்தை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். லாண்ட்மாஸ்டரும் தண்ணிப் பம்பும் வேலை தொடங்குவதற்கும் அது முந்திய நேரம். ஜெனரேற்றரை வீட்டுக்கு அப்பால், காற்றுப் போகிற திசையில் வையுங்கள்.

வசனம் முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிறுத்தி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். சில்வண்டு, மயில், தூரத்து ரோட்டு எல்லாம் அதில் இருக்கும். வெட்டுகிற இடங்களை ஒட்ட அது வேண்டும். பிறகு, ஆட்கள் கலைவதற்கு முந்தி, ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். அகர்வாலாவுக்கு லாகூரில் தெரியவந்தது உங்களுக்கு வயல் வரம்பிலேயே தெரிந்துவிடும். நடிகர் பக்கத்தில்தான் நிற்பார், திரும்பப் பேசச் சொல்லலாம்.

வணக்கம்.