அம்மாவின் குலத்து அரசர்

அவையோருக்கு வணக்கம்.

உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் வடகரையில் இருக்கிறது புகாண்டா அரசு. அதன் அரசரைக் கபாகா என்பார்கள். இன்றைய கபாகா இரண்டாம் முத்தேபி. அவரிடம் படை கிடையாது, வரி போடும் அதிகாரம் கிடையாது. அரசியல் சட்டம் அவரைக் கட்சி அரசியலிலும் இறங்க விடாது. இருந்தும் அவர் வந்தால் மக்கள் மண்டியிட்டு வணங்குகிறார்கள். ஏன்?

விடை குலங்களில் இருக்கிறது என்பேன். 52 குலங்கள் என்பது அங்கே வழக்கு. சிங்கம், வெட்டுக்கிளி, காளான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். தன் குலச்சின்னத்தை யாரும் சாப்பிட மாட்டார்கள். ஒரே குலத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கவும் மாட்டார்கள். பிள்ளைகள் அப்பாவின் குலம். அரசர் மட்டும் அம்மாவின் குலம்! அதனால் அரச குலம் என்று தனியாக ஒன்று இல்லை. எந்தக் குலத்துப் பெண்ணும் நாளைய கபாகாவைப் பெற்றெடுக்கலாம். சிம்மாசனத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்த இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கபாகாக்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் முவாங்கா 1886-இல் கிறித்தவ இளைஞர்களை நமுகொங்கோவில் உயிரோடு எரிக்க வைத்தவர். அந்தக் கொடுமையை மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது.

1966 மே மாதம், பிரதமராக இருந்து அதற்குள் உகாண்டாவின் குடியரசுத் தலைவராகிவிட்ட ஒபோட்டேயின் உத்தரவில் இடி அமீனின் படை மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகவும் இருந்த கபாகா இரண்டாம் முத்தேசா தப்பி லண்டன் போய், 1969-இல் அங்கேயே இறந்தார். 1967-இல் புகாண்டா போன்ற பாரம்பரிய அரசுகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். சரி, அத்தோடு முடிந்ததா? அரண்மனையைப் பிடித்தவர்களால் குலங்களைக் கலைக்க முடியவில்லை. 1993 ஜூலை 31 அன்று நக்கலாபியில் முத்தேபிக்கு முடிசூட்டினார்கள்.

கம்பாலாவில் உள்ள கசுபியில் நான்கு கபாகாக்களின் சமாதி இருக்கிறது. பெரிய புல்வேய்ந்த மண்டபம். உள்ளே கூரையைத் தாங்கும் வளையங்கள் 52, குலத்துக்கு ஒன்று. மரப்பட்டைத் துணித் திரைக்குப் பின்னால் உள்ள இடம் ஒரு புனித வனம், கபாகாக்கள் அதற்குள் புகுந்திருக்கிறார்கள் என்று நம்பிக்கை. 2010 மார்ச் 16 இரவு அது எரிந்துபோனது. அப்புறம் புகாண்டா அரசின் பிரதமர் மயிகா ஊர் ஊராகப் போய் நிதி கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். கூரை வேய்வது ங்கேயே என்ற கொலோபஸ் குரங்குக் குலத்தாரின் உரிமை. அந்த வேலையை வேறு யாரும் செய்வதில்லை. 2023-இல் யுனெஸ்கோ கசுபியை ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.