'தி சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்' ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அடுத்த கேள்வி. "1957-இல் வந்த 'தி சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்' ஆல்பத்தை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கேட்டுப் பார்த்தேன், ரொம்ப எளிமையான பாட்டுகளாகத்தான் தெரிகின்றன. அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியும் அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவும் செய்த ஆல்பம் இது. எளிமைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்க வேண்டும். ஹெட்போன் போட்டுக்கொண்டு இரண்டாவது பாட்டான 'நாட் ஃபேட் அவே'யை மட்டும் கேளுங்கள். தாளம் டிரம் மாதிரி அதிராது. டொக் டொக்கென்று காய்ந்த சத்தமாக வரும். காரணம், குழுவின் டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் அதில் தட்டுவது ஒரு அட்டைப்பெட்டியை. தாளம் அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான போ டிட்லி பிரபலமாக்கியதுதான். அவரிடம் அது கனமாக உருண்டு வரும். இங்கே விட்டு விட்டு வருகிறது. பட்டி ஹாலி ஒரு வரி பாடி நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் கிட்டாரும் பின்குரலும் பதில் சொல்கின்றன. பாட்டு முழுக்க இவ்வளவுதான். ஒன்றை எடுத்தாலும் பாட்டு சரிந்துவிடும்.

இதற்கு ஸ்டூடியோவும் ஒரு காரணம். நியூ மெக்சிகோவில் க்ளோவிஸ் என்ற சின்ன ஊரில் நார்மன் பெட்டி நடத்திய இடம் அது. அவர் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கவில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்கினார். அதனால் பையன்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையும் இதையும் தட்டிப் பார்க்க முடிந்தது. இதே ஆல்பத்தில் இருக்கும் 'தட்'ல் பி த டே' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நாஷ்வில்லில் ஒருமுறை பதிவு செய்தார்கள், நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. அந்தப் பாட்டை ஐந்து வருடத்துக்கு வேறு எங்கும் பதிவு செய்யக் கூடாது என்று ஹாலிக்கு ஒப்பந்தம் வேறு. அதனால்தான் க்ளோவிஸில் மறுபடி பாடியபோது கிரிக்கெட்ஸ் என்று குழுவின் பெயரில் வெளியிட்டார்கள். அது அமெரிக்காவில் முதலிடம் வரை போனது. இரண்டு பதிவும் இப்போது கிடைக்கின்றன, அடுத்தடுத்துக் கேளுங்கள். நாஷ்வில்லில் ஹாலியின் குரல் இறுகிக் கிடக்கும். க்ளோவிஸில் அதே ஆள் விக்கல் மாதிரி எழுத்தை உடைத்து உடைத்து விளையாடுகிறார்.

பன்னிரண்டு பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பல பாட்டுகளில் பின்குரலைப் பிறகு வேறொரு குழுவை வைத்துச் சேர்த்தார்கள், அது சில இடங்களில் பழைய வாசனை அடிக்கிறது. 'மேபி பேபி'யில் அந்த வாசனை இல்லை. கச்சேரிச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் பதிவானது அது. எனக்கு இந்த ஆல்பத்திலேயே ரொம்பப் பிடித்த மெட்டு.

அப்புறம், இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம், தாங்களே எழுதிய சில பாட்டுகள் என்ற அமைப்பு. லிவர்பூல் பையன்களுக்கு 'நாமும் செய்யலாம்' என்ற தைரியம் கொடுத்தது இதுதான். பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் 1958-இல் முதன்முதலாகப் பதிவு செய்ததே 'தட்'ல் பி த டே'தான். 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'நாட் ஃபேட் அவே'யை எடுத்துப் பாடினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 'பெக்கி சூ'வை இதில் தேடாதீர்கள். அது 1958-இல் 'பட்டி ஹாலி' என்ற பெயரில் வந்த அடுத்த ஆல்பத்தில் இருக்கிறது. இது பிடித்துப்போனால் அடுத்து அதைக் கேளுங்கள்.