சதுர அடைப்புக்குள் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை எடிட் செய்து, எது தலைப்பு எது சாய்வெழுத்து என்று காட்டும் டேக் என்ற குறிகளைப் போட்டு, எக்ஸ்எம்எல் என்ற வடிவமாக்கி, பக்கமாக வடிவமைத்து அனுப்பும் அலுவலகங்கள் நம் சென்னையில் நிறைய உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாக நான் அந்த வேலையில் இருக்கிறேன். அந்த வேலையின் நடுவே, யார் கண்ணிலும் படாமல், ஸ்கிரிப்டுகள் என்னும் சின்னச் சின்ன நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியவை. எப்போதோ ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். இன்று அதைத் திருத்த வேண்டியவர் தாவரவியலோ ஆங்கில இலக்கியமோ படித்துவிட்டு எடிட்டராகச் சேர்ந்தவர். ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணினால் பக்கத்து சீட்டில் இருப்பவரைத்தான் கேட்பார். பல வருடங்களாக அந்தப் பக்கத்து சீட்டில் நான் இருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

போன கோடையில் ஒரு பெண் வந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். "அக்கா, ஸ்கிரிப்ட் வேலை செய்யலை" என்றார். அவரிடம் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் வந்து சேர்ந்த கட்டுரைகளின் ஐடிகள், இன்னொன்றில் அனுப்பி முடித்தவற்றின் ஐடிகள். இரண்டையும் ஒப்பிட்டு, பாக்கி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கிரிப்டோ எல்லாமே பாக்கி என்றது. திரையில் பார்த்தால் ஒரே ஐடி இரண்டு ஃபைலிலும் பளிச்சென்று நிற்கிறது. காலையிலிருந்து அதையே பார்த்துப் பார்த்து அவர் கண் சிவந்திருந்தது.

நான் கீபோர்டைத் தொடவில்லை. "அந்த ஐடியைப் பிரிண்ட் பண்ணும்போது முன்னாலயும் பின்னாலயும் ஒரு சதுர அடைப்பு போட்டுப் பாரும்மா" என்றேன். போட்டார். திறக்கும் அடைப்பு வந்தது, ஐடி வந்தது, மூடும் அடைப்பு மட்டும் அடுத்த வரியில் போய் விழுந்தது. அவரே சொல்லிவிட்டார்: "அக்கா, பின்னாடி ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

ஒட்டிக்கொண்டிருந்தது வரி முடிவு. ஃபைலிலிருந்து ஒரு வரியைப் படிக்கும்போது, வரி முடிந்தது என்று காட்டும் எழுத்தையும் பெர்ல் சேர்த்தேதான் தரும். அதை நறுக்கி எறிய சாம்ப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் சேர்த்தார். முதல் ஃபைல் சரியாகிவிட்டது. இரண்டாவதில் இன்னும் விசித்திரமாக வந்தது. திறக்கும் அடைப்பையே காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் மூடும் அடைப்பு உட்கார்ந்திருந்தது. அந்த ஃபைல் விண்டோஸில் சேமித்தது. அங்கே வரி முடிவுக்கு இரண்டு எழுத்துகள். விண்டோஸ்போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும் சாம்ப் அதில் ஒன்றைத்தான் எடுக்கும். மிச்சமிருக்கும் மற்றொன்று, பழைய தட்டச்சு இயந்திரத்தின் உருளையை இழுத்து விடுவதுபோல, கர்சரை வரியின் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். அதனால்தான் கடைசியில் வர வேண்டிய அடைப்பு முதல் எழுத்தின் மேல் விழுந்தது. 2007இல் வந்த பெர்ல் 5.10 முதல், பின்சாய்வுக் கோடும் கேபிடல் ஆரும் சேர்த்து எழுதினால் எந்த வகை வரி முடிவையும் பிடிக்கலாம். அதைச் சொன்னேன், அவர் எழுதினார். பாக்கிப் பட்டியல் ஏழு வரிக்கு வந்துவிட்டது.

இதில் என் பங்கு ஒரு ஜோடி அடைப்புக்குறி. புதிதாகக் கற்பவரின் சிக்கலில் பெரும்பங்கு இப்படித்தான்: தகவலைப் பெயரிட்டு வைக்கும் வேரியபிளுக்குள் ஒன்று இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், உள்ளே வேறொன்று இருக்கும். உள்ளே இருப்பதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்துவிட்டால் போதும்.

"வேலை செய்யலை" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லையா, பாதியில் நின்றதா, ஓடி முடித்தும் ஒன்றும் தரவில்லையா, தப்பாகத் தந்ததா? நாலும் வேறு வேறு நோய். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க மாட்டோம் அல்லவா? என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இந்த மூன்றையும் சொன்னால் உதவுபவருக்கு வழி தெரியும். நானூறு வரி ஸ்கிரிப்டை அப்படியே தூக்கி வராமல், தப்பு தெரிகிற அளவுக்குப் பத்து வரியாகக் குறைத்து, கூடவே மூன்று வரி டேட்டாவும் கொண்டுவாருங்கள். குறைத்துக்கொண்டு வரும்போதே "ஓ, இதுவா" என்று எழுந்து போனவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பெர்லை உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர். 1987 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டார். பேச்சு மொழிபோலவே இதுவும் அரைகுறையாகச் சொன்னாலும் புரிந்துகொள்ளப் பார்க்கும். அனுபவசாலிக்கு அது வசதி. புதியவருக்கு அதுவே பொறி. டோட்டல் என்ற வேரியபிளை ஓரிடத்தில் எழுத்துப் பிழையோடு அடித்தால், பெர்ல் சத்தம் போடாமல் அந்தப் பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு மேலே போய்விடும். கூட்டுத்தொகை தப்பாக வரும், ஏன் என்றே தெரியாது. அதைத் தடுக்கத்தான் ஸ்கிரிப்டின் தலையில் யூஸ் ஸ்ட்ரிக்ட், யூஸ் வார்னிங்ஸ் என்று இரண்டு வரிகள். 2022இல் வந்த 5.36 பதிப்பில் அந்தப் பதிப்பு எண்ணை மேலே அறிவித்துவிட்டால் இரண்டும் தானாகவே வந்துவிடும். பத்துப் பதினைந்து வருடப் பழைய ஸ்கிரிப்டில் இந்த வரிகளைச் சேர்த்தால் எரர் மழையாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். முதல் எரரை மட்டும் படியுங்கள், சரிசெய்யுங்கள், மறுபடி ஓட்டுங்கள். பின்னால் வந்தவற்றில் பல அதனோடு சேர்ந்தே போய்விடும். எரர் சொல்லும் வரியில் தப்பே தெரியவில்லையா? அதற்கு மேல் வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி, சொற்களை ஒப்பிட இ, க்யூ என்ற இரண்டெழுத்து. மாற்றிப் போட்டால், எண்ணாக இல்லாத சொற்களை எல்லாம் பெர்ல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யமும் பூஜ்யமும் சமம்தானே! ராமனும் ராவணனும் ஒன்று என்று சொல்லிவிடும். வார்னிங்ஸ் வரி இருந்தால் அங்கேயே எச்சரிக்கும்.

எங்கள் வேலையில் அடிக்கடி வரும் இன்னொன்று, எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் ரெஜெக்ஸ் அளவுக்கு மீறி விழுங்குவது. உயிரியல் கட்டுரைகளில் இனப் பெயர்கள் சாய்வெழுத்தில் வரும். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா என்று ஒன்று, அதே வரியில் இன்னும் இரண்டு பெயர்கள். சாய்வெழுத்து டேகைப் புது டேகாக மாற்றச் சொல்லி, எந்த எழுத்து எத்தனை வந்தாலும் சரி என்று பொருள்படும் புள்ளி, நட்சத்திரக் குறி இரண்டையும் எழுதினால், முதல் பெயரின் தொடக்கத்தில் வாயைத் திறந்து கடைசிப் பெயரின் முடிவில்தான் மூடும். இரண்டு ஓரங்களும் மாறும், நடுவில் உள்ள டேகுகள் அப்படியே கிடக்கும். நட்சத்திரத்தின் பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தால், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும்.

வாடிக்கையாளரின் ரகசியம் காக்க வேண்டும் என்பதால் எங்களைப் போன்ற அலுவலகங்களில் பல இருக்கைகளில் இணையம் கிடையாது. அங்கே கைகொடுப்பது பெர்லின் விளக்கக் கையேடான பெர்ல்டாக். பெர்ல்டாக், ஒரு இடைவெளி, ஹைஃபன் எஃப், அப்புறம் கட்டளையின் பெயர். அவ்வளவு அடித்தால் விளக்கம் திரையில் வந்துவிடும். லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் அதைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டும். சிஸ்டம் அட்மினிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவி செய்பவர்களிடமும் ஒரு வார்த்தை. நான் புதிதாக இருந்தபோது ஒரு சீனியர் என் கீபோர்டை இழுத்து அரை நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அதே தப்போடு அவர் முன்னால் போய் நிற்பேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது. இன்னொன்று, ஒரே வேலையைப் பல வழிகளில் செய்யலாம் என்பது பெர்லின் பெருமை. ஆனால் புதியவருக்கு ஐந்து பேர் ஐந்து வழி சொன்னால் அவர் திணறிப்போவார். அவர் எழுதியதை ஒட்டி ஒரே ஒரு வழியைச் சொல்லுங்கள். அழகான வழி அப்புறம் வரட்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கர். குடியிருப்போர் சங்கத்தின் முகவரிப் பட்டியலைத் தமிழிலேயே அச்சிட ஆசைப்பட்டு, அதற்காகவே பெர்ல் கற்கத் தொடங்கினார். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக எடுக்க வேண்டும். கிருஷ்ணனுக்குக் கி வர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்தது. "என்னம்மா, நம்ம மொழி இதுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியும், சார். ஆனால் நாம் சொல்ல வேண்டும். ஃபைலிலிருந்து வருவதை, சொல்லாதவரை, பெர்ல் வெறும் பைட்டுகளாக, அதாவது கணினி சேமிக்கும் சிறு துண்டுகளாகத்தான் பார்க்கும். தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்னும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான யுடிஎஃப் 8 என்று சொல்லி ஃபைலைத் திறந்தால் 5 என்னும், இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். நமக்கோ அது மூன்றெழுத்து. யூஸ் யுடிஎஃப் 8 என்ற வரியை மேலே எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வரி ஸ்கிரிப்டுக்குள் நாம் அடித்த எழுத்துகளுக்கு மட்டும்தான். படிக்கும் ஃபைலுக்கும் எழுதும் திரைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அதைச் செய்தபின் கேள்விக்குறி போய்க் க வந்தது. கொக்கி இல்லை. பின்சாய்வுக் கோடும் கேபிடல் எக்ஸும் போட்டால், உயிர்மெய்யைத் துணைக்குறியோடு முழுதாக எடுக்கும் என்றேன். கி வந்தது. அவர் பட்டியல் முழுவதையும் ஓட்டி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஸ்ரீனிவாசனில் நின்றார். வெறும் ஸ் மட்டும் வந்திருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோட், ஸ்ரீயை ஸ், ரீ என்று இரண்டாகத்தான் வைத்திருக்கிறது. அதற்கு நாமே ஒரு விதி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டியலோடு வந்து கதவைத் தட்டினார். ஸ்ரீ வந்திருந்தது. லக்ஷ்மணனின் நடுவில் இருந்த க்ஷ தனக்குத் தொந்தரவு தரவில்லை, ஆனால் அதுவே முதல் எழுத்தாக வந்தால் என்ன செய்வது என்று யோசித்து அதற்கும் ஒரு விதி சேர்த்திருந்தார். நான் அதை யோசித்திருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.