கட்சியில இருந்தவர் ஜட்ஜ் ஆகலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. “சார், எலெக்‌ஷன்ல நின்னு எம்.எல்.ஏ.வா இருந்த ஒரு வக்கீல், பின்னாடி ஹைகோர்ட் ஜட்ஜ் ஆக முடியுமா? சட்டத்துல தடை இல்லையா?”ன்னு கேட்டிருக்காங்க.

தடை இல்லைங்க. அரசியல் சாசனம் 217வது பிரிவுல இந்தியக் குடிமகனா இருக்கணும், ஹைகோர்ட்ல பத்து வருஷம் வக்கீலா இருந்திருக்கணும், இல்லன்னா பத்து வருஷம் நீதித்துறைப் பதவியில இருந்திருக்கணும்னு இருக்கு. முன்னாடி எந்தக் கொடி பிடிச்சீங்கன்னு அதுல கேக்கல.

வி.ஆர்.கிருஷ்ணய்யரையே எடுத்துக்குங்க. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், தலச்சேரியில வக்கீல். கம்யூனிஸ்ட்காரங்களுக்குச் சட்ட உதவி பண்ணார்னு 1948ல பிடிச்சு உள்ள வெச்சாங்க. 1952ல சுயேச்சையா ஜெயிச்சு சென்னை சட்டசபைக்கு வர்றார். அப்ப மலபார் நம்மகூடத்தானே இருந்துச்சு! 1957ல கேரளாவுல இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில அமைஞ்ச கம்யூனிஸ்ட் மந்திரிசபையில மந்திரி. சட்டம், சிறை, மின்சாரம், பாசனம்னு கை நிறைய இலாகா. 1959ல ஆட்சியக் கலைச்சுட்டாங்க. 1965 தேர்தல்ல தோத்தார். 1968ல கேரள ஹைகோர்ட் ஜட்ஜ், 1973ல சுப்ரீம் கோர்ட்.

சும்மா விடல. இவரைப் போடக்கூடாதுன்னு பம்பாய் வக்கீல்கள் சிலர் எதிர்த்தாங்க. பின்னாடி அட்டர்னி ஜெனரலான சோலி சோராப்ஜியும் அதுல ஒருத்தர். பின்னாடி ‘நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்’னு அவரே ஒத்துக்கிட்டார்.

ஏன்னு புரியணும்னா ஒரு கேஸ் சொல்றேன். திகார் ஜெயில்ல சுனில் பத்ரான்னு ஒரு தூக்குத் தண்டனைக் கைதி. பக்கத்துல இன்னொரு கைதிய வார்டர் சித்திரவதை பண்றான்னு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கு ஒரு லெட்டர் போடறார். வக்கீல் இல்ல, அஃபிடவிட் இல்ல, வெறும் லெட்டர். கோர்ட் அதையே ஆட்கொணர்வு மனுவா எடுத்துக்கிட்டு, வக்கீல்களை ஜெயிலுக்கே அனுப்பி, கைதிய நேர்ல பாத்துட்டு வரச் சொல்லுச்சு. 1979ல தீர்ப்பு எழுதினவர் கிருஷ்ணய்யர். ஜெயிலுக்குள்ளயும் இருந்தவர், சிறைத்துறை மந்திரியாவும் இருந்தவர். அந்த லெட்டரைப் படிக்கிறப்ப அவருக்கு என்ன தோணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம். 1975 ஜூன்ல, பிரதமர் இந்திரா காந்தி தேர்தல்ல ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் சொல்லிடுச்சு; அதை எதிர்த்து அவங்க போட்ட அப்பீல் இவர்கிட்டதான் வந்துச்சு. அந்தத் தீர்ப்புக்கு முழுத் தடை குடுக்கல. பிரதமரா இருக்கலாம், பார்லிமென்ட்ல பேசலாம், ஆனா எம்.பி.யா ஓட்டுப் போடக்கூடாதுன்னுட்டார். இவரை சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு வந்ததே அந்தம்மா ஆட்சிதான்!

அதனால ஒருத்தர் எங்கேர்ந்து வந்தார்ங்கறத விட, அடுத்து எங்க போறார்ங்கறதத்தான் நான் பார்ப்பேன். பஹருல் இஸ்லாம்னு ஒருத்தர். காங்கிரஸ் ராஜ்யசபா எம்.பி., அப்புறம் குவஹாத்தி ஹைகோர்ட், அப்புறம் சுப்ரீம் கோர்ட். ஓய்வுக்குச் சில வாரம் இருக்கறப்ப 1983 ஜனவரியில ராஜினாமா. அதே வருஷம் மறுபடி காங்கிரஸ் எம்.பி. அதுக்கும் சட்டத்துல தடை இல்ல. ஆனா ஊர் பேசத்தான் செஞ்சுது.

‘கிருஷ்ணய்யர் மட்டும் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கலையா?’ன்னு கமென்ட்ல கேப்பீங்க. நின்னார், 1987ல எதிர்க்கட்சி வேட்பாளரா, நம்ம ஆர்.வெங்கட்ராமனை எதிர்த்து. தோத்தார். ஆனா அது ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழிச்சு.