போனில் கட்டுரை படிக்க எந்த ஆப்? தமிழ்ப் பக்கங்களை வைத்தே சோதித்துப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து பேசுகிறேன். போனிலும் சின்ன டேப்லெட்டிலும் இணையக் கட்டுரைகளை நிம்மதியாகப் படிக்க எந்த மென்பொருள் நல்லது என்று இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். இந்த விஷயத்தில் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாமே ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து காட்டி, அழகாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுகின்றன. நாம் படிக்கப் போவது பெரும்பாலும் தமிழ். அதனால் இங்கே எல்லாமே தமிழ்ப் பக்கங்களை வைத்துத்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிற ஆப்பிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். தமிழ் எழுத்து உடையாமல் வர வேண்டும். நான் சேமித்த கட்டுரை, ஆப்பை நடத்துகிறவர்கள் நாளைக்கே கடையை மூடினாலும், என்னிடம் கோப்பாக இருக்க வேண்டும். நிறம், தோற்றம், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

சரி, பிரவுசரில் தொடங்கலாம். நிறையப் பேருக்குப் புதிதாக எதையும் இறக்கவே தேவையில்லை. ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ், ஐபோனில் சஃபாரி, சாம்சங் போனில் அவர்களுடைய பிரவுசர், எல்லாவற்றிலும் ரீடர் வசதி இருக்கிறது. கட்டுரையைத் திறந்துவிட்டு அந்தக் குறியைத் தொடுங்கள். இதோ, திரையில் பாருங்கள். விளம்பரம் போய்விட்டது, பாதித் திரையை மறைத்த அறிவிப்பு போய்விட்டது, 'இதையும் படியுங்கள்' பெட்டிகளும் இல்லை. பண்ருட்டிப் பலாவை அறுத்துச் சுளையை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி எழுத்து மட்டும் நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தமிழில் இது எங்கே தடுக்கும் என்பது அப்போதுதான் புரியும். 2009-ல் ஆர்க்90 என்ற அமெரிக்க நிறுவனம் ரீடபிலிட்டி என்று ஒரு சின்ன நிரலை வெளியிட்டது. அடுத்த வருஷமே சஃபாரியில் ரீடர் வந்தது. பயர்பாக்ஸில் இருப்பதும் அந்த வேரில் வளர்ந்ததுதான். இந்த நிரலுக்கு மொழி தெரியாது, அது மதிப்பெண்தான் போடுகிறது. ஒரு பத்தி எவ்வளவு நீளம், அதில் எத்தனை காற்புள்ளி, எழுத்தோடு ஒப்பிட்டால் இணைப்புகள் எவ்வளவு என்று பார்க்கிறது. நீளமான, காற்புள்ளி நிறைந்த, இணைப்பு குறைந்த பகுதிக்கு அதிக மதிப்பெண். அதுதான் கட்டுரை என்று முடிவு செய்து, மற்றதைக் கழற்றிவிடுகிறது. 25 எழுத்துக்கும் குறைவான பத்தியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இப்போது ஒரு கவிதைப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். வரிக்கு இரண்டு மூன்று சொல், காற்புள்ளியே இருக்காது. ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டிருந்தால், ரீடர் குறியே தோன்றாமல் போகலாம். தோன்றினாலும் சில வரிகள் காணாமல் போயிருக்கும். படிக்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் கவிதை, உரையாடல் மிகுந்த கதை, சமையல் குறிப்பு மாதிரி துண்டு துண்டாக இருக்கும் பக்கங்களை ரீடரில் படித்தால், ஒருமுறை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இன்னொரு தடை பழைய எழுத்துருக்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவுவதற்கு முன்னால் திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழைத் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்துப் பக்கங்கள் இன்னும் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும்தான். மேலே போர்த்தியிருக்கும் எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ரீடர் அந்த எழுத்துருவைக் கழற்றியதும் எல்லாம் குப்பையாகத் தெரியும். இது ஆப்பின் கோளாறு இல்லை. எழுத்தை எடுத்து ஒரு குறியாக்க மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் படிக்கலாம்.

அடுத்து, தமிழ் உடைகிறதா என்ற சோதனை. இதற்கு நான் எப்போதும் நம் மாவட்டத்துப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறேன். கெடிலம், தென்பெண்ணை, நெய்வேலி, கொள்ளிடம், ஸ்ரீமுஷ்ணம். இந்த ஐந்தையும் ஒரு கோப்பில் எழுதி, வாங்கப் போகிற ஆப்பில் திறந்து பாருங்கள். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டியது மென்பொருளின் வேலை. 'கொ'வில் அது இன்னும் சிக்கல், ஒரே குறியை இரண்டாகப் பிரித்து எழுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். அரைகுறை மென்பொருளில் கெடிலத்தின் கொம்பு க-வுக்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும். ஸ்ரீமுஷ்ணம் முதல் எழுத்திலேயே நாலு துண்டாகிவிடும். அப்படி வந்தால் வேறு யோசனையே வேண்டாம், அழித்துவிடுங்கள். இன்றைய போன்களில் பிரவுசருக்குள் இந்தப் பிரச்சினை அனேகமாக இல்லை. தனியாக எழுத்தை வரையும் மின்நூல் ஆப்களில்தான் வருகிறது.

கேஓரீடர் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், திறந்த மூலம் (அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), ஆண்ட்ராய்டிலும் கோபோ மாதிரியான மின்மைத் திரை (இ-இங்க்) வாசிப்புக் கருவிகளிலும் ஓடும். எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு மென்பொருள் இதுதான். அதில் எழுத்துரு அமைப்புகளில் கெர்னிங் என்று ஒரு தேர்வு வரும். அது 'பெஸ்ட்' என்ற நிலையில் இருந்தால்தான் தமிழ் போன்ற எழுத்துகள் முழுமையாக இணைந்து வரும். வேகத்துக்காக அதை யாராவது குறைத்து வைத்திருந்தால் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

அமைப்புகளைப் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓரமும் நேராக வரும்படி வைக்கும் ஜஸ்டிஃபை வசதியைத் தமிழுக்குப் போனில் போடாதீர்கள். நம் சொற்கள் நீளம். 'எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் சின்னத் திரையில் அதுவே ஒரு வரி. மீதி இரண்டு சொல்லை இழுத்துப் பரப்பி நடுவே பெரிய ஓட்டை விட்டுவிடும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி கூட்டுங்கள். மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்து நம்முடையது, நெருக்கினால் கண் வலிக்கும். எழுத்துருவை மாற்ற விடும் ஆப்பாக இருந்தால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம்.

இப்போது சேமிப்புக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளை எடுத்து வைக்க பாக்கெட் என்ற ஆப்பை உலகம் முழுக்க எத்தனையோ பேர் பயன்படுத்தினார்கள். 2007-ல் ரீட் இட் லேட்டர் என்ற பெயரில் தொடங்கியது, 2012-ல் பெயர் மாறியது, 2017-ல் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே வாங்கியது. அவ்வளவு நம்பிக்கையான கைக்குப் போன சேவை 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. ஆம்னிவோர் என்ற இன்னொரு நல்ல சேவை அதற்கு முன்பே, 2024 நவம்பரில் போய்விட்டது. 2013 ஜூலையில், புதுப் பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் மூடப்பட்டபோது தமிழ் வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படித்த எத்தனையோ பேருக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போனது. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

மூடும்போது தரவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். பாக்கெட்டில் அப்படிக் கிடைத்த கோப்பில் இருந்தது தலைப்பும் முகவரியும் குறிச்சொற்களும்தான். கட்டுரையின் எழுத்து அதில் இல்லை. முகவரி மட்டும் இருந்து என்ன செய்வது? தளத்தைப் புதுப்பித்தால் பழைய முகவரி வேலை செய்யாது. வலைப்பதிவர் கட்டணம் கட்டாமல் விட்டால் முழுத் தளமும் போய்விடும். தமிழில் ஊர் வரலாறு, நாட்டார் வழக்கு, பழைய பேட்டிகள் எல்லாம் தனி மனிதர்களின் சிறு தளங்களில்தான் இருக்கின்றன. அவை போனால் வேறு இடத்தில் கிடைக்காது. அதனால்தான் முகவரியைச் சேமிக்கும் ஆப் போதாது, கட்டுரையையே சேமிக்கும் ஆப் வேண்டும் என்று அழுத்தி அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கு என் தேர்வு வாலபேக். இது திறந்த மூல மென்பொருள். சொந்தமாக ஒரு கணினியில் நிறுவிக்கொள்ளலாம், முடியாதவர்கள் அவர்களே நடத்தும் கட்டணச் சேவையில் சேரலாம். போனில் பிரவுசரில் இருந்து பகிர்வு பொத்தானைத் தொட்டு வாலபேக்குக்கு அனுப்பினால், கட்டுரையின் எழுத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். நெட் இல்லாவிட்டாலும் ஆப்பில் படிக்கலாம். முக்கியமாக, சேமித்ததை இபப் என்ற மின்நூல் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் வெளியே எடுக்கலாம். கேஓரீடரே வாலபேக்கோடு பேசி, கட்டுரைகளைத் தானாக இறக்கிக்கொள்ளும்.

இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், நான் எப்போதாவதுதான் சேமிப்பேன் என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சி இருக்கிறது. படம் உட்பட முழுப் பக்கத்தையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கிவிடும். எந்தப் பிரவுசரிலும் திறக்கும், யாருக்கும் அனுப்பலாம். இன்ஸ்டாபேப்பர் 2008 முதல் இருக்கிறது, பழக எளிமையானதும்கூட. ஆனால் அதுவும் ஒரு நிறுவனத்தின் சேவை, அதை மனதில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

நெட் இல்லாமல் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். நாம் இருப்பது கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் வெள்ளத்தில் நின்றன. டவரில் பேட்டரி தீர்ந்தால் நெட் போய்விடும். போனில் இருக்கிற கோப்பு மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் பிறந்தால் நான் முதலுதவிக் குறிப்புகள், குடிநீரைச் சுத்தம் செய்யும் முறை, குழந்தைகளுக்குக் கதைகள் என்று சேமித்து வைத்துவிடுவேன். கிவிக்ஸ் என்ற ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி வைக்கலாம், நெட் இல்லாமல் தேடிப் படிக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள்.

இடம் பிடிக்குமே என்ற கவலையும் வேண்டாம். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும். ஆயிரம் சொல் கட்டுரை என்றால் ஏறக்குறைய 30 கிலோபைட். அதே கட்டுரையை விளம்பரமும் படமுமாகத் தளத்தில் திறந்தால் பல எம்பி இறங்கும். கட்டுரை படிக்கப் போய் டேட்டா காலியாவது அந்தப் பல எம்பியால்தான்.

புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட்டிச்சாவடி தாண்டினால் ஜன்னல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கறுப்புப் பின்னணியை அந்த நேரத்தில் போட்டால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் பின்னணி, பெரிய எழுத்து. இரவில் வீட்டுக்குத் திரும்பும்போது கறுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். நிற மாற்றத்துக்கு ஒரே தொடுகை போதும் என்கிற ஆப் நல்லது, மூன்று பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருப்பது உதவாது.

பிடித்த வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படிக்க ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர். இரண்டும் இலவசம், விளம்பரம் இல்லை. வலைப்பதிவின் முகவரியைக் கொடுத்தால் புதுப் பதிவு வரும்போது தானே கொண்டுவந்து தரும். ஃபீடரில் முழுக் கட்டுரையையும் எடுக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

என் அம்மா படிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். எட்ஜ் பிரவுசரில் உரக்கப் படிக்கும் வசதி தமிழில் நன்றாக இருக்கிறது, பல்லவி, வள்ளுவர் போன்ற குரல்கள் இருக்கின்றன. நெட் இல்லாத நேரத்துக்கு, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போய் தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். உச்சரிப்பு சில இடங்களில் தடுமாறும், ஆனாலும் கண் சரியில்லாத பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வெறும் கட்டுரை படிக்கிற ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் அனுமதி கொடுக்காதீர்கள். படிப்பதற்கு அவை எதற்கு?

சோதித்துப் பார்க்கத் தமிழ்க் கோப்பு வேண்டும் என்றால், மதுரைத் திட்டத்தில் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் ஏற்றி வருகிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்களின் நூல்கள் இபப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, நான் சொன்ன அமைப்புகளோடு கேஓரீடரில் திறந்து பாருங்கள். வாலபேக்கை வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப்பில் நிறுவுவது எப்படி என்பதை அடுத்த வீடியோவில் ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுகிறேன். அதற்குள் உங்கள் இப்போதைய ஆப்பில் ஏற்றுமதி என்ற தேர்வு எங்கே இருக்கிறது, அதை அழுத்தினால் கட்டுரை வருகிறதா, வெறும் முகவரி வருகிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். நன்றி, வணக்கம்.